பழ மூட்டை தூக்கிய பையனும் சிறார் நீதிமன்றமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அக்காள் மகனுக்கு 15 வயது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மலாய் பழகும் புகுமுக வகுப்பில் ஓராண்டு போய்விட்டதால், இப்போதுதான் இடைநிலைப் பள்ளியின் படிவம் இரண்டில் இருக்கிறான். பள்ளி விடுமுறையில் 22, 25 வயதுள்ள இருவரோடு லாரியில் போயிருக்கிறான். லாரியில் பக்கத்துத் தோட்டத்துக் குலைகளும் உதிரிப் பழ மூட்டைகளும் இருந்ததால் மூவரையும் போலீஸ் பிடித்தது. மூட்டை தூக்கிக் கொடுத்ததற்கு 30 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொன்னார்களாம். நான்கு நாள் தடுப்புக் காவலுக்குப் பிறகு போலீஸ் ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டான். அடுத்த மாதம் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும், முதல் தடவைதானே" என்று கோயில் கமிட்டியில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்ளச் சொல்லலாமா, சிறையில் போடுவார்களா என்பவை உங்கள் முக்கியமான இரண்டு கேள்விகள்.

ஆனால் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது உங்கள் கடைசி வரி. "அவனை எங்காவது ஹாஸ்டலில் போட்டால்தான் திருந்துவான் என்று அக்காள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்" என்று முடித்திருக்கிறீர்கள். ஐயா, நீங்கள் கேட்ட அந்த இரண்டு கேள்விகளையும்விட இந்த வழக்கில் கனமானது அந்த வாக்கியம். ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பேராக்கில் ஒரு சிறார் நீதிமன்றத்தில் ஒன்பது ஆண்டுகள் ஆலோசகராக மாஜிஸ்திரேட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி அந்த நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பையன் குற்றம் செய்தானா இல்லையா என்பதில் எங்களுக்குப் பேச்சில்லை. அதை மாஜிஸ்திரேட் மட்டுமே முடிவு செய்வார். குற்றம் நிலைநாட்டப்பட்ட பிறகு அவனை என்ன செய்வது நல்லது என்பதில்தான் எங்கள் கருத்தைக் கேட்பார்கள். பெற்றோருக்கு அறிவுரை சொல்வதும் எங்கள் வேலை. அந்த நாற்காலியிலிருந்து கண்டதை வைத்தே எழுதுகிறேன். சாட்சியம், சட்ட வாதம் ஆகியவற்றை உங்கள் வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் சிறை. போலீஸ் சொன்ன, தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு திருட்டுக்கானது. அதற்கு ஏழாண்டு வரை சிறை என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் உங்கள் வீடு பயந்து போயிருக்கிறது. அது வயது வந்தவருக்கான உச்ச வரம்பு. சிறுவருக்குச் சட்டம் வேறு வரிசை வைத்திருக்கிறது. 10 வயதுக்குக் கீழ் எந்தக் குழந்தைக்கும் குற்றப் பொறுப்பே கிடையாது. 10 முதல் 12 வரை, செய்தது என்னவென்று புரியும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். 14க்குக் கீழ் இருந்தால் சிறைக்கு அனுப்பவே முடியாது. 14 ஆகிவிட்டால் சட்டத்தில் அந்தக் கதவு முழுக்க மூடப்படவில்லை. ஆனால் வேறு எந்த வழியும் பொருந்தாது என்று நீதிமன்றம் கண்டால் மட்டுமே அதைத் திறக்கலாம். எச்சரித்து விடுவிப்பது, நன்னடத்தைப் பிணையில் விடுவது, உறவினரிடமோ தகுந்த ஒருவரிடமோ ஒப்படைப்பது, அபராதம் அல்லது இழப்பீடு, நன்னடத்தைக் கண்காணிப்பு, சீர்திருத்தப் பள்ளி என்று பல வழிகள் அதற்கு முன்னால் இருக்கின்றன. முதன்முறையாகப் பிடிபட்ட 15 வயதுப் பையன் பழத் திருட்டுக்காகச் சிறைக்குப் போனதை நான் இருந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறையும் பார்த்ததில்லை. இது என் அனுபவம்தான், உத்தரவாதம் அல்ல.

உங்கள் வழக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. கூடப் பிடிபட்ட இருவரும் பெரியவர்கள். மூவர் மீதும் ஒரே குற்றச்சாட்டாகச் சேர்த்துப் போட்டால் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்கு வராது. பெரியவர்களை விசாரிக்கும் நீதிமன்றத்திலேயே நடக்கும். ஆனாலும் பையனைப் பொறுத்தவரை அந்த நீதிமன்றமும் சிறுவர் சட்டத்தில் உள்ள அதிகாரங்களையே பயன்படுத்த வேண்டும். உத்தரவு போடுமுன், பையனின் வீட்டையும் பள்ளியையும் விசாரித்து எழுதும் சமூக நல இலாகா நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்தாக வேண்டும். எந்த அறையில் நடந்தாலும் அவன் சிறுவன்தான். இதை அங்கே யாராவது மறந்துவிட்டதாகத் தோன்றினால் உங்கள் வழக்கறிஞர் எழுந்து சொல்ல வேண்டும்.

சிறார் நீதிமன்றத்திலேயே நடந்தால், அன்றைக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வழக்கமான நீதிமன்றம் நடக்கும் அறையில் அல்லாமல் வேறு அறையிலோ, வேறு நாளிலோ, வேறு நேரத்திலோ உட்காருவார்கள். கதவைச் சாத்திவிடுவார்கள். பெற்றோர், வழக்கறிஞர், சாட்சிகள், அதிகாரிகள் தவிர மற்றவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. தாய்மாமன் என்ற உரிமையில் நீங்கள் உள்ளே போக நினைப்பீர்கள். நீதிமன்றம் அனுமதித்தால்தான் முடியும். அக்காள் கட்டாயம் வர வேண்டும். எல்லாக் கட்டத்திலும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் வந்திருக்க வேண்டும் என்பது சட்டம். "அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் வந்தேன்" என்று மாமாவோ பெரியப்பாவோ வந்து நின்று, வழக்கு இன்னொரு தேதிக்குப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போலீஸ் ஜாமீன் அன்றோடு முடிந்து, நீதிமன்ற ஜாமீன் தொடங்கும். கொலை போன்ற கடும் குற்றம், கெட்ட சகவாசத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டிய நிலை, வெளியே விட்டால் நீதி கெடும் என்ற அச்சம், இவை இல்லையென்றால் பையனைப் பிணையில் விட வேண்டும். கெட்ட சகவாசம் என்பதைக் கவனியுங்கள். அந்த இருவரோடு இப்போது அவன் தேநீர்க் கடையில்கூட உட்காரக் கூடாது.

பிறகு குற்றச்சாட்டைப் படிப்பார்கள். எளிய மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் அது மலாயில் இருக்கும். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். கடைத்தெரு மலாய் சரளமாகப் பேசுவார்கள், நீதிமன்ற மலாய் வேறு. "பாஹாம்?" (புரிகிறதா?) என்று கேட்டால் தலையாட்டுவார்கள். பெரியவர் கேட்டால் தலையாட்டுவதுதான் மரியாதை என்று நாம்தானே வளர்த்திருக்கிறோம். அடையாளம் தெரியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். திருட்டு மோட்டார் வழக்கில் ஒரு பையன். "மெங்காக்கு சாலா?" (குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?) என்று கேட்டதும் ஆமாம் என்றான். வழக்கின் விவரத்தைப் படித்தார்கள், அதற்கும் தலையாட்டினான். கடைசியில் மாஜிஸ்திரேட், ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தமிழில் கேட்டார். "அண்ணன் புதிதாக வாங்கிய மோட்டார் என்றார், ஓட்டிப் பார்த்தேன்" என்றான். திருட்டு என்று தெரியாது என்பவன் எப்படித் திருட்டை ஒப்புக்கொள்ள முடியும்? மாஜிஸ்திரேட் அந்த ஒப்புதலை ஏற்க மறுத்து, விசாரணைக்குத் தேதி கொடுத்தார். அன்று அந்தக் கேள்வி தமிழில் கேட்கப்படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஆகவே முதல் நாளே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

கோயில் கமிட்டிக்காரரின் யோசனைக்கு வருகிறேன். ஒப்புக்கொண்டால் அன்றே முடியும் என்பது தவறு. சிறுவர் வழக்கில் ஒப்புக்கொண்ட பிறகும் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை வரும் வரை உத்தரவு போட முடியாது. அதற்காக வழக்கைத் தள்ளி வைப்பார்கள். ஆக, சீக்கிரம் முடியும் என்ற ஆசைக்காக ஒப்புக்கொண்டால் சீக்கிரமும் கிடைக்காது, விசாரணையும் கிடைக்காது. ஒப்புக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே செய்தான் என்றால் ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. நீதிமன்றமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கேள்வி, அவனுக்கு என்ன தெரியும் என்பதுதான். திருட்டு என்பதற்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். பழ மூட்டை தூக்குவது தோட்டத்துப் பிள்ளைக்குப் புதிதல்ல. அவன் பாட்டி மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கித்தான் சம்பளம் வாங்கியிருப்பார். "வா, மூட்டை ஏற்று, 30 வெள்ளி தருகிறேன்" என்று ஒருவன் கூப்பிட்டால், அதைக் கூலி வேலை என்று நினைத்துப் போவதற்கும் இடமிருக்கிறது. மறுபக்கம், நேரம் என்ன, எந்த வழியாக உள்ளே போனார்கள், காவலாளியைக் கண்டதும் அவன் ஓடினானா என்றெல்லாம் கேட்பார்கள். நள்ளிரவில் விளக்கை அணைத்துக்கொண்டு போன லாரி என்றால், கூலி வேலை என்ற பேச்சு நிற்காது. மூவரும் ஒரே நோக்கத்தோடு செய்தார்கள் என்று காட்டினால், குலையை வெட்டியவனும் மூட்டை தூக்கியவனும் ஒன்றுதான். உங்கள் கடிதத்தில் நேரம் இல்லை. அதை எனக்குச் சொல்ல வேண்டாம், வழக்கறிஞரிடம் பையனே சொல்லட்டும். இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று வீட்டில் யாரும் பாடம் நடத்தாதீர்கள். சொல்லிக் கொடுத்த பேச்சை மாஜிஸ்திரேட் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

தோட்ட நிர்வாகியைப் பார்த்துப் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போய் வருத்தம் தெரிவிப்பதில் தவறில்லை. ஆனால் ஒப்புக்கொள்வதா என்பதே முடிவாகாத நிலையில் எதையும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குத் தொடுப்பதும் விடுவதும் சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். புகார் கொடுத்தவர் மனம் மாறினாலும் வழக்கு தானாக நிற்காது. குற்றச்சாட்டைக் குறைக்கவோ கைவிடவோ கேட்டு அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு உங்கள் வழக்கறிஞர் முறையீட்டுக் கடிதம் எழுதலாம்; அதுதான் நேர்வழி. பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்கிறீர்கள். சிறுவர் சட்டத்தின் கீழ் வரும் குற்ற வழக்குகளைச் சட்ட உதவி இலாகா எடுத்து நடத்துகிறது. தேசிய சட்ட உதவி அறவாரியமும் இருக்கிறது, 2011இல் அமைக்கப்பட்டது. பிடிபட்ட நேரத்திலும் தடுப்புக் காவல் விண்ணப்பத்தின் போதும் அந்த அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாக வருவார். முழு விசாரணைக்கு மட்டும் குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். அந்த நான்கு நாட்களில் யாரும் உங்களிடம் இதைச் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி அக்காளின் வாக்கியம். குற்றம் நிலைநாட்டப்பட்டால், சமூக நல இலாகாவின் நன்னடத்தை அதிகாரி அறிக்கை எழுதுவார். பையனின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நலம் எல்லாம் அதில் வரும். வீட்டுக்கு வருவார், பள்ளிக்குப் போவார், அக்காளிடம் பேசுவார். அவர் கேட்கும் கேள்விகள் சாதாரணமாக இருக்கும்: எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான், நீங்கள் சொன்னால் கேட்பானா, இரவு யார் இருப்பார்கள். தாய் அழுதுகொண்டே, "நான் சொல்வதைக் கேட்பதே இல்லை ஐயா, எங்காவது போட்டுவிடுங்கள்" என்பாள். அது தாயின் ஆற்றாமை. ஆனால் சட்டத்தின் காதில் அது வேறாக விழுகிறது. சிறுவனை சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமானால், பெற்றோரால் இனி அவனைக் கட்டுப்படுத்த முடியாது, அவனுக்கு நிலையத்தில் வைத்துச் சீர்திருத்தம் தேவை என்று அந்த அறிக்கை காட்ட வேண்டும் என்பது சட்டம் வைத்திருக்கும் நிபந்தனை. அக்காள் தன் வாயாலேயே அந்த நிபந்தனையை நிறைவேற்றிக் கொடுத்துவிடுகிறாள்.

அவள் மனத்தில் இருக்கும் ஹாஸ்டல் வேறு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஆசிரமம் போன்ற ஒன்றை நினைக்கிறாள். நீதிமன்றம் அனுப்பும் இடம் சமூக நல இலாகாவின் துனாஸ் பக்தி பள்ளி, மூன்றாண்டு உத்தரவு. 14 வயதுக்கு மேல், கடுமையான வழக்கென்றால், சிறைச்சாலை இலாகா நடத்தும் ஹென்றி கர்னி பள்ளி. அங்கே தொழில் கற்று நன்றாக வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தப் பள்ளிகளை நான் பழிக்கவில்லை. வீடே இல்லாத பிள்ளைக்கு அது வீடு. உங்கள் பையனுக்கு வீடு இருக்கிறது.

நான் இருந்த காலத்தில் ஒரு தாய், கணவனை இழந்தவர், தொழிற்சாலையில் இரவு வேலை. அதிகாரியிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தார். அறிக்கை துனாஸ் பக்தியைப் பரிந்துரைத்தது. அறிக்கையில் பையனைப் பற்றி உள்ள முக்கியமான செய்திகளைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். மறுத்துச் சொல்ல ஏதாவது இருந்தால் அதற்கும் வாய்ப்புத் தர வேண்டும். மாஜிஸ்திரேட் சொன்னதும் அந்த அம்மா, "கோபத்தில் சொன்னேன் ஐயா, அவன் இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்" என்று கதறினார். நான் கேட்டேன்: இரவில் நீங்கள் வேலைக்குப் போனால் அவனோடு யார் இருப்பார்கள்? தாத்தா இருக்கிறார் என்றார். அவர் பெயரே அறிக்கையில் இல்லை. மாஜிஸ்திரேட் கூடுதல் அறிக்கை கேட்டுத் தள்ளி வைத்தார். தாத்தா வேட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த தேதிக்கு வந்தார். இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு பையன் வீட்டுக்குப் போனான்.

அதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஊர் சுற்றுகிறான் என்றால் சுற்றுகிறான் என்றே அக்காள் சொல்லட்டும். அதோடு இனி என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சொல்லட்டும். மாலையில் யார் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கு எந்தப் பஸ்ஸில் போவான், தாய்மாமனாகிய நீங்கள் வாரத்தில் எந்த நாள் வந்து பார்ப்பீர்கள் என்று பெயரும் நேரமுமாகச் சொல்ல வேண்டும். இன்றிலிருந்தே அப்படி நடந்தால்தான் அதிகாரி வரும்போது அதைக் கண்ணால் பார்ப்பார். பள்ளிக்கு நிறுத்தாமல் அனுப்புங்கள். வெட்கப்பட்டு வீட்டில் வைத்துக்கொண்டால் வராத நாட்களின் எண்ணிக்கைதான் பள்ளிப் பதிவில் முதலில் தெரியும்.

கண்காணிப்பு உத்தரவு என்றால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. அக்காளையும் பிணை எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். மாதம் ஒருமுறை பையனோடு இலாகா அலுவலகத்துக்கு வருவது, பள்ளியில் ஆசிரியரைப் பார்ப்பது, பெற்றோர் பட்டறைக்குப் போவது போன்ற நிபந்தனைகள் இருக்கும். பிற்காலத்தில் வேலை கிடைக்குமா என்று அழுகிறாளாம். சிறுவரைப் பற்றிப் பேசும்போது தண்டிக்கப்பட்டவன் என்ற சொல்லையே சிறார் நீதிமன்றம் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறது. ஆனால் எந்தெந்த விண்ணப்பப் படிவத்தில் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன பதில் எழுதுவது என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்திரிகைகள் அவன் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடக் கூடாது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. பத்திரிகை காக்கும் அந்த மறைவைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழு உடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிபட்ட அன்று எடுத்த லாரிப் படம் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அனுப்பியவரை நேரில் போய்ப் பார்த்து அழிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரத்துக்குள் சட்ட உதவி இலாகாவுக்குப் போங்கள். பிறப்புப் பத்திரம், அவன் அடையாளக் கார்டு, அக்காளின் சம்பளச் சீட்டு, போலீஸ் கொடுத்த ஜாமீன் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அக்காள் அந்தத் தேதிக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுக்கட்டும். குற்றச்சாட்டுத் தாள் கைக்கு வந்ததும், அதில் பிரிவு எண் என்ன, அந்த இருவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். பையனின் பெயரை எழுத வேண்டாம்.